ஒரு சட்டையும் அதன் அனுமதிச் சீட்டும்: வாசகர் கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஏற்றுமதிக் காகிதங்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவன் நான். பங்களாதேஷ் துணிகளுக்கு நிலவழி மூடப்பட்டது பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. இந்த இதழ் அவற்றுக்கே.

"எங்கள் அப்பா ஓவர்லாக் டெய்லர். ஆண்டுக் கடைசியில் 'கோட்டா தீர்ந்துவிட்டது, ஜனவரி வரைக்கும் வேலை குறைவுதான்' என்பார். துணி தைத்து விற்க யாருடைய அனுமதி வேண்டியிருந்தது? எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை."
*வாசகி, அவிநாசி*

உங்கள் அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை, அம்மா. 1974 ஜனவரியிலிருந்து 2004 டிசம்பர் வரை, முப்பத்தொரு ஆண்டுகள், ஏழை நாட்டில் தைத்த சட்டை பணக்கார நாட்டுக்குள் நுழைய எண்ணிக்கை வரம்பு இருந்தது. அந்த வரம்பைத்தான் கோட்டா என்றோம். அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் நம்மைப் போன்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக உட்கார்ந்து, இந்த ரகத்தில் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று எழுதிக்கொண்டன. ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண். அமெரிக்காவுக்குப் போகும் பருத்திப் பின்னல் சட்டை ஆண்களுக்கென்றால் 338, பெண்களுக்கென்றால் 339. ஐரோப்பாவுக்கு டி-சர்ட் என்றால் 4. அமெரிக்கா டஜனில் எண்ணும், ஐரோப்பா பீஸில் எண்ணும். திருப்பூரில் அந்த நாளில் வேலை பார்த்தவர்களுக்குச் சொந்த வீட்டுக் கதவு எண் மறந்தாலும் இந்த எண்கள் மறக்காது.

இந்தியாவுக்குக் கிடைத்த மொத்த வரம்பை ஏற்றுமதியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது ஏ.இ.பி.சி. என்று நாங்கள் சொல்லும் ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம். பெரும்பங்கு, முன்பு ஏற்றுமதி செய்தவர்களுக்கு அவர்கள் பழைய கணக்கின்படி போகும். மீதியில் புதிதாக முதலீடு செய்தவர்களுக்குக் கொஞ்சம், முதலில் வருபவருக்கு முதலில் என்ற வகையில் கொஞ்சம். பழைய கணக்கில் வந்த கோட்டாவைக் கைமாற்றலாம். அதனால் அதற்குச் சந்தையில் ஒரு விலை வந்துவிட்டது. கையில் ஆர்டரும் மெஷினும் ஆளும் வைத்திருந்த சின்னக் கம்பெனிக்காரர், தைப்பதை விட்டே விட்ட ஒருவரிடம் டஜனுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அனுமதியை வாங்குவார். அந்தப் பணம் நூலுக்குப் போகவில்லை, சாயத்துக்குப் போகவில்லை, உங்கள் அப்பாவின் பீஸ் ரேட்டுக்கும் போகவில்லை. உழைக்காத ஒரு காகிதத்துக்குப் போனது. அந்த முறையை நான் வெறுத்தேன். இன்றும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

வரம்புக்குள்தான் இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு ஷிப்மெண்டுக்கும் சாட்சி வேண்டும். அமெரிக்காவுக்கு அதன் பெயர் விசா. மனிதனுக்கு விசா கொடுப்பதுபோலச் சட்டைக்கு. அசல் இன்வாய்ஸின் முன்பக்கத்தில் நீல மையில் வட்ட முத்திரை விழும். அதில் ஒன்பது இடமுள்ள ஓர் எண்: ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பிறகு ஆறு இலக்கம். அதற்குக் கீழே ரகமும் அளவும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிப்ரவரி மாதம், இரண்டாயிரம் டஜன் டி-சர்ட்டுக்கான காகிதத்தை நான்தான் டைப் செய்தேன். 24,000 பீஸ். விசாவுக்கான அளவில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டேன். இருநூறு டஜன் என்று போய்விட்டது. முத்திரையும் விழுந்துவிட்டது, கப்பலும் கிளம்பிவிட்டது. காகிதத்தில் உள்ள அளவு சரக்கைவிடக் குறைவாக இருந்தால் அமெரிக்கச் சுங்கம் சரக்கை விடாது. புதிய விசா கையில் கிடைக்கும்வரை கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடந்தது. கோடைக்காலத்துக்கென்று தைத்த இளமஞ்சள் சட்டைகள். நான்கு வாரம் தாமதித்துக் கடைக்குப் போனபோது பையர் பாதிக்குப் பாதி தள்ளுபடி கேட்டார். முதலாளி என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஆனால் செக்கிங் பிரிவில் பதினாறு பெண்களுக்கு அந்த மாதம் ஓவர்டைம் நின்றுபோனது. அவர்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஐந்தரை மணிக்கே வாசலைத் தாண்டியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் வாய்விட்டு இரண்டு முறை படிக்காமல் நான் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை.

1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்ததும், பத்தாண்டில் கோட்டாவைப் படிப்படியாக எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். முதலில் 16 சதவீதம், பிறகு 17, பிறகு 18. மீதி 49 சதவீதத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளினார்கள். எந்த ரகத்தை எப்போது விடுவிப்பது என்பது வாங்கும் நாட்டின் விருப்பம். எனவே நமக்குத் தேவையான ரகமெல்லாம் அந்தக் கடைசி மூட்டையில்தான் இருந்தது.

"கைத்தறிக்கும் இந்தக் கோட்டா இருந்ததா?"
*நெசவாளர் குடும்பத்து வாசகர், சென்னிமலை*

இல்லை. கைத்தறித் துணிக்கும், அதில் தைத்த சில பொருள்களுக்கும், நம் மரபு உடைகளுக்கும் அமெரிக்க ஒப்பந்தத்தில் விலக்கு இருந்தது. அந்த விலக்குக்கும் ஒரு முத்திரை உண்டு. அது யானை வடிவில் இருக்கும். வட்ட முத்திரை விழுந்தால் வரம்பில் கழியும், யானை விழுந்தால் கழியாது. கையால் நெய்தது என்பதற்காக ஒரு துணி வரம்புக்கு வெளியே நடந்து போனது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தந்த விஷயம்.

"எண்பதுகளில் சென்னைக்கு வந்தால் பர்மா பஜாரில் வெளிநாட்டுச் சட்டை வாங்காமல் திரும்பமாட்டோம். ஏன் அது கடைகளில் நேராகக் கிடைக்கவில்லை?"
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை*

ஐயா, அப்போது நாமும் வாசலைச் சாத்தித்தான் வைத்திருந்தோம். அந்நியச் செலாவணி போதவில்லை என்ற காரணத்தைச் சொல்லி, நுகர்பொருள்களை உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய இந்தியா விடவில்லை. ஆடையும் அதில் அடக்கம். 1997-இல் அமெரிக்கா இதை உலக வர்த்தக அமைப்பில் வழக்காக்கியது. 1999-இல் மேல்முறையீட்டிலும் நாம் தோற்றோம். 2000 ஏப்ரல் 1-இல் 714 பொருள்களுக்கும், 2001 ஏப்ரல் 1-இல் மீதி 715 பொருள்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. அந்த இரண்டாவது பட்டியலில் கிட்டத்தட்டப் பாதி ஜவுளிதான்.

அதன் பிறகு காவல் முழுக்க வரியின் கையில். 2018 ஆகஸ்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஜவுளிப் பொருள்களுக்கு வரியை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக இரட்டிப்பாக்கினார்கள். இன்று புதுத் துணியை இறக்குமதி செய்யப் பொதுவாக உரிமம் வேண்டியதில்லை. இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் எடுத்து, வரி கட்டி, உடலுக்குக் கேடானது என்று தடைசெய்யப்பட்ட அசோ சாயம் இல்லை என்பதற்கான ஆய்வகச் சான்றைக் காட்டினால் போதும்.

"நாங்கள் வவுனியாவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரிகள். இலங்கைச் சட்டையை இந்தியா 80 இலட்சம் மட்டும்தான் எடுக்கும் என்று மேலாளர் சொன்னார். அண்டை நாட்டுக்கு இது நியாயமா?"
*வாசகிகள், வவுனியா*

சகோதரிகளே, உங்கள் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஒப்பந்தத்தில் நான் மதிக்கும் ஒன்று இருக்கிறது.

இந்திய இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆடைக்கு இந்தியா கொடுத்தது இது: ஆண்டுக்கு 80 இலட்சம் பீஸ் வரை வரியில் பாதி தள்ளுபடி. அதில் 60 இலட்சம் பீஸாவது இந்தியத் துணியில் தைத்திருக்க வேண்டும். எந்த ஒரு ரகமும் 15 இலட்சத்தைத் தாண்டக்கூடாது. பின்னாளில் இந்த நிபந்தனைகள் தளர்ந்தன. 80 இலட்சம் குறைவு என்பதில் எனக்கு உங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு.

ஆனால் அந்த 60 இலட்சத்தைப் பாருங்கள். இந்தியத் தறியில் ஓடிய துணி உங்கள் மேசைக்கு வருகிறது, நீங்கள் தைக்கிறீர்கள், அது சட்டையாகத் திரும்பி வருகிறது. இரண்டு பக்கத்திலும் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது. பரஸ்பர வணிகம் என்ற சொல்லுக்கு நான் பொருள் கண்டுகொண்டது அங்கேதான். என்னைக் கேட்டால் நிபந்தனையை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைப் பல மடங்கு ஏற்றியிருக்க வேண்டும்.

உங்கள் நாட்டு ஆடைத் தொழிலே கோட்டாவை ஒட்டி வளர்ந்ததுதான். 1977-க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும், கோட்டா தீர்ந்த கிழக்காசியக் கம்பெனிகள் இலங்கையின் பயன்படுத்தாத கோட்டாவைத் தேடி அங்கே வந்தன. 1992-இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்துக்குப் போய்த் தொழிற்சாலை கட்டுபவர்களுக்குக் கோட்டாவையே ஊக்கமாகக் கொடுத்தார். அனுமதிச் சீட்டைக் கைமாற்றிக் காசாக்க விட்ட நாங்களும் அதைப் பார்த்துக் கற்றிருக்கலாம்.

"பங்களாதேஷ் சட்டை வரியில்லாமல் வந்து எங்கள் உள்நாட்டு வியாபாரத்தை அழிக்கிறது. உரிமம், தடை, எதையாவது போட்டு முழுதாக நிறுத்தினால் என்ன? நீங்கள் திருப்பூர்க்காரர்தானே, ஏன் தயங்கி எழுதுகிறீர்கள்?"
*உள்நாட்டு ஆடை உற்பத்தியாளர், பல்லடம்*

தம்பி, கோபத்தோடு எழுதியிருக்கிறீர்கள். பவர் டேபிள் என்ற தையல் மெஷின் வரிசைக்கு வாடகையும் வங்கிக்கு வட்டியும் கட்டுபவரின் கோபம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 'முழுதாக நிறுத்து' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது 46 ஜவுளி வகைகளுக்கு வரி நீங்கியது. அதையடுத்து மது, புகையிலை போன்ற 25 இனங்கள் தவிர எல்லாவற்றுக்கும் வரி போயிற்று. மிகவும் பின்தங்கிய நாடு என்ற தகுதியில் கொடுத்த சலுகை அது. அதில் இலங்கை ஒப்பந்தத்தில் இருந்ததுபோல 'எங்கள் துணி' என்ற நிபந்தனை இல்லை. சீனத் துணியை வாங்கி அங்கே வெட்டித் தைத்தாலும், சேர்ந்த மதிப்பு உரிய அளவை எட்டினால் வரியின்றி வரலாம். உங்கள் கோபத்துக்கான நியாயம் முழுவதும் இந்த ஒரு ஓட்டையில்தான் இருக்கிறது.

இப்போது மறுபக்கம். இந்தியப் பருத்தி நூலை மிக அதிகமாக வாங்கும் நாடு எது தெரியுமா? அதே பங்களாதேஷ். திண்டுக்கல்லிலும் உடுமலையிலும் இரவு ஷிப்டில் சுற்றும் ஸ்பிண்டில்களில் கொஞ்சம் அவர்களுக்காகவும் சுற்றுகிறது. நீங்கள் தடுக்கச் சொல்லும் சட்டைக்குள் நம்முடைய பஞ்சும் இருக்கலாம்.

2025-இல் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பாருங்கள். ஏப்ரல் 8: பங்களாதேஷ் சரக்கு நம் மண் வழியாக நம் துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் போய் மூன்றாம் நாடுகளுக்குச் செல்லத் தந்திருந்த வசதியை இந்தியா விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 13: பெனாபோல் உள்ளிட்ட நிலச் சாவடிகள் வழியாக இந்திய நூல் வருவதை பங்களாதேஷ் நிறுத்தியது. மே 17: அவர்கள் ஆயத்த ஆடை எந்த நிலச் சாவடி வழியாகவும் வரக்கூடாது, கொல்கத்தா, நவ சேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்று இந்தியா அறிவித்தது. அறிவித்த கணமே நடைமுறை. மேற்கு வங்க எல்லையில் உள்ள நம் பெட்ராபோல் சாவடிக்கு எதிர்ப்பக்கம் துணி ஏற்றிய லாரிகள் அப்படியே நின்றன. நாற்பது நாளில் மூன்று கதவுகள் அடைபட்டன. அடைத்தவர் மாறினாரே தவிர, வெளியே நின்றவர்கள் இரு பக்கமும் ஒரே மாதிரியான மனிதர்கள்தாம். நூலுக்கு ஆர்டர் பிடித்த மில் மேலாளர், பண்டிகைக்குச் சட்டை தைத்த டாக்கா பெண், இரவெல்லாம் கேபினில் படுத்திருந்த லாரி டிரைவர்.

திடீர் உத்தரவைத்தான் நான் முதலில் எதிர்க்கிறேன். 2005-இல் ஐரோப்பாவிலும் இதுதான் நடந்தது. கோட்டா எடுத்த ஆறாவது மாதமே சீன ஆடைக்கு மறுபடி வரம்பு போட்டார்கள். ஆர்டர் கொடுத்து, தைத்து, கப்பலில் ஏறிய பிறகு வரம்பு நிரம்பிவிட்டது. ஏழரைக் கோடிக்கும் அதிகமான உருப்படிகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தேங்கின. கடைசியில் செப்டம்பரில் உட்கார்ந்து பேசி, பாதியை ஐரோப்பா தன் கணக்கில் உள்ளே விட்டது, மீதிப் பாதியை அடுத்த ஆண்டு வரம்பில் கழித்துக்கொண்டார்கள். கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்குப் பழைய விதி, இனி ஏறுவதற்குப் புதிய விதி என்று முதல் நாளே எழுதியிருந்தால் அந்த அவலம் இல்லை. எந்த அரசு எந்த வாசலைச் சாத்தினாலும் இந்த ஒரு வரியை மட்டும் உத்தரவில் சேர்த்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அரசு தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் சில செயற்கை இழைப் பின்னல் துணிகளுக்குக் கிலோவுக்கு 3.5 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். அந்த விலைக்குக் கீழே கொண்டுவர உரிமம் வேண்டும், மேலே என்றால் தாராளமாக வரலாம் என்பது அன்றைய ஏற்பாடு. சூரத்திலும் லூதியானாவிலும் தறிகள் நின்றுகொண்டிருந்த நேரத்தில், அடிமாட்டு விலைத் துணிக்கு எதிராக அப்படி ஒரு கோடு கிழித்ததை நான் சரியென்றே நினைக்கிறேன். கோடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அதிகாரியின் முகம் பார்க்க வேண்டியதில்லை.

பங்களாதேஷ் விஷயத்தில் நீங்கள் கேட்க வேண்டியது தடையை அல்ல, தம்பி. 'இந்திய நூலிலோ இந்தியத் துணியிலோ தைத்தது என்றால் வரியில்லாமல் வா, மற்றதற்கு வரி கட்டு' என்று கேளுங்கள். மில்லும் பிழைக்கும், உங்களுக்கும் போட்டி சமமாகும், டாக்காவில் தைப்பவளுக்கும் வேலை போகாது. உங்கள் சங்கம் அப்படி ஒரு மனு எழுதினால் காகித வேலையை நான் வந்து செய்து தருகிறேன்.

"வெளிநாட்டில் குளிர்கால உடைகளைப் பழையதாக மலிவாகக் கொடுக்கிறார்களாம். இறக்குமதி செய்து விற்கலாமா?"
*வாசகர், ஊட்டி*

அணிந்த துணி நம் இறக்குமதிக் கொள்கையில் 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் கொண்டுவரக்கூடாது. ஆனால் யாரும் உடுத்த முடியாதபடி முழுதாக வெட்டிச் சிதைத்த கம்பளிக் கந்தல் வரலாம். அரியானாவின் பானிப்பட்டில் அதைப் பிரித்து, நிறம்வாரியாக அடுக்கி, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். எனவே கோட்டு முழுதாக வந்தால் உரிமம் வேண்டும், கிழிந்து வந்தால் வேண்டாம். யாராவது 'நான் பார்த்துக்கொள்கிறேன், பணத்தைக் கொடுங்கள்' என்றால் கொடுத்துவிடாதீர்கள்.

"அமெரிக்கா போட்டதையும் பரஸ்பர வரி என்றுதானே சொன்னார்கள்? நீங்கள் சொல்லும் பரஸ்பர வணிகமும் அதுவும் ஒன்றா? என் மகன் இப்போதுதான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்திருக்கிறான், பயமாக இருக்கிறது."
*வாசகி, திருப்பூர்*

சொல் ஒன்று, பொருள் வேறு, அம்மா. 2025 ஏப்ரல் 2-இல் அறிவித்த அந்த வரியை, நாம் அவர்களுக்கு எவ்வளவு வரி போடுகிறோம் என்று பார்த்துக் கணக்கிடவில்லை. நம்மோடு உள்ள வணிகப் பற்றாக்குறையை நம்மிடமிருந்து வாங்கும் தொகையால் வகுத்து, வந்ததில் பாதியை எடுத்தார்கள். இந்தியாவுக்கு 26, பங்களாதேஷுக்கு 37, இலங்கைக்கு 44. பிறகு பேச்சுவார்த்தைகளில் அவர்கள் இருவருக்கும் 20 ஆக இறங்கியது. நமக்கு 25 ஆகி, ரஷ்ய எண்ணெய்க்காக இன்னொரு 25 சேர்ந்து, ஆகஸ்ட் 27-இல் 50 ஆனது. அந்த வாரம் நம் ஊரில் கட்டிங் மேசைகள் காலியாகக் கிடந்ததை உங்கள் மகனும் பார்த்திருப்பான்.

ஆனால் ஏப்ரல் மாதத்து உத்தரவில் ஒரு சிறு பத்தி இருந்தது. பொருளின் மதிப்பில் குறைந்தது 20 சதவீதம் அமெரிக்காவுடையது என்றால், அந்தப் பங்கைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் அந்த வரி. அதைப் படித்ததும் எனக்கு அந்த 60 இலட்சம் இலங்கைச் சட்டைகள்தாம் நினைவுக்கு வந்தன. அவர்கள் பஞ்சு, நம் நூற்பு, நம் தையல். அதே ஆண்டு ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை இந்தியாவும் தற்காலிகமாக நீக்கியது. எல்லா ரகத்திலும் அந்த 20 சதவீதத்தை எட்ட முடியாது. வேலைப்பாடு அதிகமாக உள்ள உடையைவிட, கனமான முழுப் பருத்தி உடையில் எட்டுவது எளிது.

வரி ஏறும், இறங்கும். ஆனால் 'இந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது' என்ற கேள்வி இனிமேல் வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மகனிடம் ஒன்று சொல்லுங்கள். நூல் வாங்கும் அன்றே மில்லிடமிருந்து பஞ்சு பேலின் எண்களையும், எந்த நாட்டுப் பஞ்சு என்பதற்கான சான்றையும் கேட்டு வாங்கி, அந்த ஆர்டரின் ஃபைலிலேயே வைக்கட்டும். ஷிப்மெண்ட் முடிந்த பிறகு கேட்டால் மில்லில் தேடி எடுத்துத் தரமாட்டார்கள். எண்களை எழுதி முடித்ததும் வாய்விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். பூஜ்யங்களை விரல் வைத்து எண்ணச் சொல்லுங்கள்.